மாதத்தில் ஒரு புதன்கிழமை

சிலிபின், ஈப்போ
13.2.1983

அஞ்சலை அப்பாவுக்கு,

செல்லாயி எழுதுவது. நானும் அஞ்சலையும் ஒரு கூரைக்குக் கீழே பத்திரமாக இருக்கிறோம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். இத்தனை நாளும் நீங்கள் எங்கெங்கே தேடினீர்களோ தெரியாது.

உங்களிடம் சொல்லாமல் கிளம்பியது தப்புத்தான். சொல்லியிருந்தால் தடுத்திருப்பீர்கள். நீங்கள் தடுத்தால் நான் நின்றிருப்பேன். அதனால்தான் நீங்கள் காலையில் பெரட்டுக்குப் பேர் கொடுக்கப் போன பிறகு துணியை எடுத்து வைத்தேன்.

தோட்டத்திலிருந்து இவளைக் கூட்டிக்கொண்டு ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு எத்தனை தரம் வந்து போயிருப்பேன்? முதல் பஸ்ஸைப் பிடித்து, பீடோரில் மாறி, கம்பாரில் மாறி வந்து சேர்வதற்குள் நம்பர் சீட்டு முடிந்திருக்கும். "அடுத்த புதன் வாங்க" என்பார்கள். அடுத்த புதனும் அதே பஸ்தானே? போன தடவை நடந்ததை உங்களிடம் முழுதும் சொல்லவில்லை. பஸ்ஸில் எல்லாரும் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தவள், ஓடுகிற வண்டியின் கதவைத் திறக்கப் போய்விட்டாள். நான் முந்தானையால் அவள் கையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். கண்டக்டர் எங்களை நடு ரோட்டில் இறக்கிவிட்டான். "ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போம்மா" என்று உள்ளேயிருந்து ஒருத்தர் சொன்னார். தமிழில்தான் சொன்னார்.

அன்றைக்கு எப்படியோ சிலிபின் வரைக்கும் வந்துவிட்டோம். ஒரு சாப்பாட்டுக்கடையில் உட்கார்ந்து அழுதேன். கடைக்காரர் மனைவி ஜெய்னம்பு அக்கா எதுவும் கேட்காமல் டீ கொண்டுவந்து வைத்தார். போகும்போது, "பின்னால ஒரு ரூம்பு சும்மாத்தான் இருக்கு, தட்டு கழுவ ஆளும் வேணும்" என்றார். இப்போது அந்த ரூம்பில்தான் இருக்கிறோம். இங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு நடந்தே போய்விடலாம். நம்பர் கிடைக்கிறது.

பதினாறு வயதுப் பிள்ளை தூங்காமல், இல்லாத ஆளோடு பேசிக்கொண்டு, பள்ளிப் புத்தகத்திலிருந்து டீச்சர் திட்டுகிறார் என்று அதைக் கிழித்துப் போடுவதை நான் எத்தனை மாதம்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்?

அவள் ஐ.சி. அட்டை தகரப்பெட்டியில் இருக்கிறது, ஆஸ்பத்திரியில் அடையாளத்துக்குக் கேட்கிறார்கள். அனுப்பி வையுங்கள். "போனா திரும்பி வராதே" என்று ஒரு நாள் சொன்னீர்கள். கோபத்தில் சொன்னதா, நிஜமா என்று தெரியவில்லை. அதையும் எழுதுங்கள்.

செல்லாயி

*

சுங்கை தெராத்தாய் தோட்டம்
6.3.1983

செல்லாயிக்கு,

இங்கே விடாத மழை. செம்பனைக் குலைகளை வெளியே இழுக்க முடியவில்லை, சேற்றில் கிடந்து அழுகுகின்றன.

ஐ.சி.யை இதோடு வைத்திருக்கிறேன்.

நீ போன அன்றைக்கு, வேலைக்கு ஆள் குறைகிறதே என்று மண்டோர் கேட்டார். தெலுக் இந்தானில் என் தங்கைக்குப் பிள்ளைப்பேறு, அதற்குத் துணைக்குப் போயிருக்கிறாள் என்றேன். எதிர்வீட்டுச் சன்னாசி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். "ஒன் தங்கச்சிக்குப் பேரப்புள்ள இருக்கே, அண்ணே" என்று சிரித்தான். மற்றவர்களும் சிரித்தார்கள். நானும் சிரிக்க வேண்டியதாயிற்று.

நான் அவளைப் பைத்தியம் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. ஊர் சொல்லிவிடக் கூடாதே என்றுதான் வாயை மூடிக்கொண்டு இரு என்றேன். அந்த ஆஸ்பத்திரியில் ஒரு தடவை பேர் எழுதிவிட்டால் நாளைக்கு யார் பெண் கேட்டு வருவான்? எந்தக் கடையில் வேலை கொடுப்பான்? இதையெல்லாம் நீ யோசிக்கவில்லை. பஸ் ஏறிவிட்டாய்.

களைவெட்டு ஆள் கணக்கில் உன் பேரை அடித்துவிட்டார்கள். ஒற்றை ஆளுக்கு எதற்கு முழு வீடு என்று ஆபீஸ் கிராணி கேட்கத் தொடங்கிவிட்டார். நானும் கிளம்பி வந்துவிட்டால் மறுநாளே வேறு குடும்பத்தை உள்ளே வைத்துவிடுவார்கள். நீங்கள் இருவரும் திரும்பி வருவதற்கு ஓர் இடம் வேண்டும் என்றுதான் இங்கே கிடக்கிறேன். பிள்ளை மேல் பாசம் இல்லாதவன் என்று மட்டும் எழுதிவிடாதே.

நீ கேட்டதற்குப் பதில் இதிலேயே இருக்கிறது.

பத்துமலை

*

சிலிபின்
19.6.1983

அஞ்சலை அப்பாவுக்கு,

எழுத நேரமில்லை என்று சொன்னால் பொய். தட்டு கழுவிக் கழுவி விரல் நுனியெல்லாம் வெடித்துவிட்டது, பேனாவைப் பிடித்தால் எரிகிறது. அது ஒரு காரணம். நல்ல சேதி வந்ததும் எழுதலாம் என்று காத்திருந்தது இன்னொன்று.

ஆஸ்பத்திரியில் நடப்பதைச் சொல்கிறேன். நீண்ட பெஞ்சு, முழுக்க வயதானவர்கள். சின்ன வயதென்றால் இவள் ஒருத்திதான். டாக்டருக்குத் தமிழ் வராது. நான் சொல்வதை அங்கே வேலை செய்கிற ஆள் ஒருவர் மலாயில் எடுத்துச் சொல்வார். நான் மூச்சு முட்ட ஒரு கதையைச் சொன்னால், அவர் நாலே வார்த்தையில் முடித்துவிடுவார். டாக்டரும் தலையை ஆட்டிவிட்டு எழுதுவார். நான் சொன்னதில் எது போய்ச் சேர்ந்தது, எது வழியில் விழுந்தது என்று வீட்டுக்கு வரும் வரை யோசித்துக்கொண்டே நடப்பேன்.

மூன்றாவது மாதம் அஞ்சலை திடீரென்று வாயைத் திறந்து தானே மலாயில் பேசினாள். மலாய்ப் பள்ளியில் படிவம் மூன்று வரை படித்தவள் அல்லவா? டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். என்னை வெளியே இருக்கச் சொன்னார்கள். கதவு சரியாகச் சாத்தவில்லை. அவள் குரல் கேட்டது, பேசுவது புரியவில்லை. என் வயிற்றில் பிறந்தவள் தன் மனதில் இருப்பதை எனக்குத் தெரியாத பாஷையில் யாரோ ஒருவரிடம் சொல்கிறாள். எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, யாரோ என்னை வீட்டுக்கு வெளியே நிறுத்தியது போலவும் இருந்தது.

மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை. கை நடுங்குகிறது, உடம்பு ஊதுகிறது, பகலெல்லாம் தூங்குகிறாள். ஒரு வாரம் மாத்திரையைச் சாக்கடையில் போட்டுவிட்டு என்னிடம் விழுங்கியதாகச் சொல்லியிருக்கிறாள். பிறகு பழையபடி ஆகிவிட்டது. என்னை அடித்துவிட்டாள். ஜெய்னம்பு அக்காதான் ஓடிவந்து பிடித்தார். இப்போது மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள். தூக்கம் வருகிறது, குரல்கள் குறைந்திருக்கின்றன என்கிறாள். போய்விட்டன என்று சொல்லவில்லை.

இன்னொன்று. போன மாதம் ஒரு புதன்கிழமை நாங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது கடையில் ஒரு பை இருந்தது. மரவள்ளிக்கிழங்கும் கருவாடும். உயரமான ஆள், தொப்பி போட்டிருந்தார், பேர் சொல்லவில்லை என்றார் அக்கா. அதே ஆள் காலையில் ஆஸ்பத்திரிக்கு எதிர்ப்பக்கம் மரத்தடியில் நின்றதைத் தானும் பார்த்ததாக அஞ்சலை சொல்கிறாள். நான் நம்பவில்லை. இல்லாததைப் பார்க்கிறாளோ என்று பயந்து, மாத்திரை எடுத்துக் கொடுக்கிற மிஸ்ஸியிடம்கூடச் சொல்லிவிட்டேன்.

அது நீங்கள்தானா? அவளுக்காகக் கேட்கிறேன். அவள் பார்த்தது நிஜம் என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.

செல்லாயி

*

சுங்கை தெராத்தாய்
4.8.1983

செல்லாயிக்கு,

நான்தான். அவள் பார்த்தது நிஜம் என்று அவளிடம் சொல்.

ரோட்டைக் கடந்து வந்துவிடலாம் என்றுதான் நின்றேன். நம் பக்கத்துப் பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிற ஆள் அந்தப் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றான். அவன் எதற்கு வந்தானோ. என்னைப் பார்த்தால் மறுநாள் லயத்து வீடுகள் முழுவதும் பரவிவிடும். திரும்பிவிட்டேன். இதற்கு மேல் இதைப் பற்றிக் கேட்காதே.

சன்னாசி மகன் சீனியை உனக்குத் தெரியும். பள்ளியை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தான். இப்போது வெளியே வருவதில்லை. கதவை வெளியிலிருந்து பூட்டிவிட்டுத்தான் இவர்கள் வேலைக்குப் போகிறார்கள். உள்ளேயிருந்து சுவரைக் குத்துகிற சத்தம் நம் வீடு வரை கேட்கிறது.

முந்தாநாள் சன்னாசி நம் பின்கட்டு வழியாக வந்தான். என்னைப் பார்த்துச் சிரித்தவன். படியில் உட்கார்ந்தான். பிறகு, "அண்ணே, ஒங்க பொண்ணுக்கு என்ன மருந்து குடுக்கிறாங்க? அது தூங்குதா?" என்று கேட்டான். உனக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. தூங்குது என்றேன். அவன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "இவன் தூங்கி எத்தன நாளாச்சு தெரியுமா?" என்றான்.

அவனைக் கொண்டுவந்தால் பார்ப்பார்களா? விசாரித்து எழுது.

பத்துமலை

*

சிலிபின்
23.10.1983

அஞ்சலை அப்பாவுக்கு,

நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டினேன். "அப்ப நான் சரியாத்தான் பாத்திருக்கேன்" என்றாள். அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டாள்.

சீனியைப் பற்றி மிஸ்ஸியிடம் கேட்டேன். கொண்டுவரச் சொல்கிறார்கள். எப்படிக் கொண்டுவருவது? கட்டியா பஸ்ஸில் ஏற்ற முடியும்? ஆம்புலன்ஸ் கேட்டால் தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிரஸர் எழுதிக் கொடுக்க வேண்டும். டிரஸரிடம் சொன்னால் எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்று சன்னாசி வாயைத் திறக்க மாட்டான். நீங்கள் சொல்லாமலே எனக்குத் தெரியும்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த அஞ்சலை, உள்ளே கூப்பிட்டதும் டாக்டரிடம் நேராகவே கேட்டுவிட்டாளாம். வெளியே வந்து எனக்குத் தமிழில் சொன்னாள். "எங்க ஊர்லேருந்து வாரதுக்குள்ள நம்பர் முடிஞ்சிருது. என்னப்போல பிள்ளைங்க அங்க நெறைய இருக்கு, பூட்டி வச்சிருக்காங்க. நீங்க எங்களுக்குக் கிட்ட இருக்கிற தெலுக் இந்தானுக்கு வந்தா என்னன்னு கேட்டேன்மா." டாக்டர் கோபப்பட்டாரா என்று கேட்டேன். இல்லையாம். மாதத்தில் ஒரு நாள் வர முடியும், ஆனால் அங்கேயுள்ள ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டர் கேட்க வேண்டும், அவர் கேட்க வேண்டுமென்றால் அந்தப் பக்கத்து ஜனங்கள் அவரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்றாராம்.

யார் போய்ச் சொல்வார்கள்? வாயைத் திறந்தால் வீட்டு மானம் போய்விடும் என்று உட்கார்ந்திருக்கிறவர்கள்தானே நாம்?

எனக்கு அலுத்துவிட்டது. இரண்டு நல்ல நாள், பிறகு ஒரு கெட்ட நாள், மறுபடி மாத்திரை, மறுபடி பெஞ்சு. தீபாவளிக்கு நீங்கள் வருவீர்களா? பண்டம் எதுவும் வேண்டாம். கடை வரைக்கும் வாருங்கள், ரோட்டுக்கு இந்தப் பக்கம்.

செல்லாயி

*

சுங்கை தெராத்தாய்
11.3.1984

செல்லாயிக்கு,

தீபாவளிக்கு வந்தபோது அவள் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். கை நடுங்கியும் சிந்தாமல் வைத்தாள். குவளையைக் காலி செய்துவிட்டுத்தான் எழுந்தேன்.

சீனியைப் போலீஸ் கொண்டுபோய்விட்டது. ஜனவரியில் பூட்டை உடைத்துக்கொண்டு வெளியே வந்து, கிராணி வீட்டுக் கண்ணாடியையெல்லாம் நொறுக்கிவிட்டான். ஜீப் வந்தது. கையில் விலங்கு மாட்டி, சட்டையில்லாமல் ஏற்றினார்கள். லயமே நின்று பார்த்தது. சன்னாசி ஜீப்புக்குப் பின்னால் பழைய ரப்பர்ப்பால் ஸ்டோர் வரை ஓடினான். யாரிடமும் சொல்லக் கூடாது என்று பூட்டி வைத்தது கடைசியில் இப்படித்தான் எல்லாருக்கும் தெரிந்தது.

அதற்குப் பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. தோட்டத் தொழிற்சங்கத் தலைவரைக் கூட்டிக்கொண்டு தெலுக் இந்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெரிய டாக்டர் மரியாதையாகத்தான் பேசினார். வரவழைக்கலாம், ஆனால் வருகிறவர்கள் இருக்கிறார்கள் என்று மேலிடத்துக்கு நான் காட்ட வேண்டும், எந்தெந்த வீட்டில் யார், என்ன வயது என்று சொல்லுங்கள் என்றார்.

போன ஞாயிறு பழைய பால் ஸ்டோரில் எல்லாரையும் கூப்பிட்டோம். நிறையப் பேர் வந்தார்கள். சங்கத் தலைவர் விஷயத்தைச் சொல்லி, யார் வீட்டில் இப்படி இருக்கிறது, சொல்லுங்கள் என்றார். ஆளாளுக்குத் தரையைப் பார்த்தார்கள். எந்த வீட்டில் யார் என்று எனக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும். தலைவர் தன் பேனாவை மூடப் போனார்.

நான் எழுந்து, "அஞ்சலை. பத்துமலை மக. வயசு பதினேழு. ஈப்போவுல வைத்தியம் பாக்குது, இப்ப தேவலாம்" என்றேன்.

உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துக் கருப்பம்மாள் பின்னாலிருந்து, "எங்க வீட்டுல மூத்தவன்" என்றாள். அப்புறம் ஒருத்தர், அப்புறம் இன்னொருத்தர். சன்னாசி வரவில்லை.

உன்னிடம் கேட்காமல் சொல்லிவிட்டேன். அவளிடமும் கேட்கவில்லை.

பத்துமலை

*

சிலிபின்
18.11.1984

அஞ்சலை அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து எத்தனையோ மாதம் ஆகிவிட்டது. நான் பதில் எழுதாததற்குக் காரணம் அவள்தான். படித்துக் காட்டியதும் எழுந்து போய்விட்டாள். "என் பேரை எதுக்கு எல்லார் முன்னாடியும் சொன்னாரு? என்னைக் கேட்டாரா?" என்று பல நாள் என்னிடம்தான் சண்டை. எனக்கும் உங்கள் மேல் கோபம். மறைத்தபோதும் நீங்களாகவே மறைத்தீர்கள், சொல்லும்போதும் நீங்களாகவே சொன்னீர்கள். இரண்டுக்கும் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இப்போது பரவாயில்லை. போன வாரம் தட்டுத் துடைத்துக்கொண்டே, "சொன்னது சொன்னதாகவே இருக்கட்டும்மா. அதனால கருப்பம்மா அக்கா வீட்டு அண்ணன் வைத்தியத்துக்கு வருவாருல்ல" என்றாள். அவ்வளவுதான். மன்னித்தாளா என்று நான் கேட்கவில்லை.

அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. குனோங் ராபாட்டில் சட்டை தைக்கிற பட்டறை. தானே பஸ் ஏறிப் போய் வருகிறாள். முதல் நாள் நான் பின்னாலேயே வேறு பஸ்ஸில் போனேன், அவளுக்குத் தெரியாது. மாதம் ஒரு புதன் லீவு கேட்கும்போது கண் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று அங்கே சொல்லி வைத்திருக்கிறாளாம். உண்மையைச் சொல்லேன் என்றேன். "நீங்க தைரியமா இருந்துக்குங்க. எனக்கு வேலை வேணும்" என்றாள். சரிதானே?

தெலுக் இந்தானுக்கு டாக்டர் வருவது உறுதி, அடுத்த வருஷம் தொடக்கம் என்று மிஸ்ஸி சொன்னார். உடனே நான், இனிமேல் தோட்டத்துக்கே போய்விடலாம், அங்கேயே காட்டிக்கொள்ளலாம் என்று அஞ்சலையிடம் சொன்னேன். அவள் வரவில்லையாம். "நான் அங்க வந்தா ஜன்னல் ஜன்னலா பாப்பாங்க. இங்க நான் சட்ட தைக்கிற பிள்ளை. நீங்க போங்கம்மா, நான் பெரியம்மாகூட இருந்துக்கிறேன்." ஜெய்னம்பு அக்காவும் அதையே சொல்கிறார், தன் பெண்களோடு ஒரு பெண்ணாக இருக்கட்டும் என்கிறார்.

யாருக்காக நீங்கள் வீட்டைக் காத்துக்கொண்டிருந்தீர்களோ அவளே வரப்போவதில்லை. இதை எப்படி உங்களிடம் சொல்வது என்று தெரியாமல்தான் இத்தனை நாள் இழுத்தேன்.

செல்லாயி

*

சுங்கை தெராத்தாய்
21.4.1985

செல்லாயிக்கு,

அவள் வராதது எனக்கு வருத்தம்தான். ஆனால் அவள் சொன்னது நியாயம். ஜன்னல் ஜன்னலாகத்தான் பார்ப்பார்கள்.

டாக்டர் வந்துவிட்டார். மாதத்தில் ஒரு புதன்கிழமை. பிரசவ வார்டுக்குப் பக்கத்தில் சாமான் போட்டு வைத்திருந்த ஓர் அறையைக் கழுவிக் கொடுத்திருக்கிறார்கள். வாசலில் ஒரு பெஞ்சு. நான் வேலைக்குப் போகாமல் முதல் புதனே போய்ப் பார்த்தேன். உள்ளே டாக்டரும் மிஸ்ஸியும் மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பெஞ்சு காலி.

ஆட்கள் வராமல் இல்லை. கருப்பம்மாள் தன் மூத்தவனோடு எக்ஸ்ரே எடுக்கிற பக்கம் நிற்கிறாள். பட்டினத்துப் பிள்ளைகள் இரண்டு பேர், பள்ளிச் சீருடையோடு, தாய் ஒருத்தியோடு ரோஜாக் விற்கிற தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள். ஒரு மலாய்க்காரப் பெண்பிள்ளை, கூட அவள் தகப்பன். சன்னாசிகூட வந்திருந்தான். போலீஸ் சேர்த்திருந்த பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து அதற்கு முந்தின மாதம்தான் சீனியை அனுப்பியிருந்தார்கள், இனி மாதாமாதம் ஊசி போட வேண்டும். இருவரும் வேலிக்கு வெளியே நின்றார்கள். எல்லாரும் அந்தப் பெஞ்சையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், ஒருத்தரும் கிட்டே வரவில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

போய் உட்கார்ந்துவிட்டேன்.

மிஸ்ஸி வெளியே வந்து, "ஒங்களுக்கா, பெரியவரே?" என்றாள். இல்லை, என் மகளுக்கு, அது ஈப்போவில் இருக்கிறது, நல்லா இருக்கிறது என்றேன். அப்புறம் எதற்கு இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றாள். "சும்மாத்தான். யாராச்சும் மொதல்ல உக்காரணும்லா" என்றேன்.

அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். உள்ளே போய் ஒரு குவளைத் தண்ணீர் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

முதலில் வந்து உட்கார்ந்தது சீனிதான். சன்னாசி சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறான், அவன் உதறிவிட்டு வந்துவிட்டான். முன்பு இருந்த ஆளில்லை, ரொம்ப மெதுவாகப் பேசுகிறான். "அஞ்சலை எப்படி இருக்கு, மாமா?" என்றான். சட்டை தைக்குது என்றேன். அது நல்ல வேலை என்றான். பிறகு கருப்பம்மாள் வந்தாள். பிறகு அந்த மலாய்க்காரர் மகளோடு வந்து சலாம் சொல்லி உட்கார்ந்தார். பள்ளிப் பிள்ளைகளின் தாய் மட்டும் அன்றைக்கு வரவே இல்லை, திரும்பிப் போய்விட்டாள். இந்த மாதம் வந்தாள். ஒரு பிள்ளையோடுதான்.

இப்போது ஒவ்வொரு மாதமும் போகிறேன். மண்டோருக்குப் பிடிக்கவில்லை. இந்த வருஷத்துக்குள் வீட்டை எடுத்துவிடுவார்கள் என்று நினைக்கிறேன். எடுத்தால் எடுக்கட்டும், தெலுக் இந்தானில் எங்காவது ஒரு ரூம்பு பார்க்கலாம். முன்னைப்போல அதற்காகச் சண்டைபோட எனக்குத் தெம்பில்லை. முதுகு வலி, குலை வெட்டுகிற நீண்ட கம்பைத் தூக்கினால் தோள் இறங்கிவிடுகிறது. பெஞ்சில் உட்காருவதற்குத்தான் இப்போது நான் லாயக்கு.

உன்னை வா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அங்கே ஒரு பிள்ளை இருக்கிறது. நீயே யோசித்துக்கொள்.

பத்துமலை

*

சிலிபின்
5.5.1985

அஞ்சலை அப்பாவுக்கு,

யோசித்தேன். அவளிடம் கேட்டேன். கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அவளுக்கு இன்னமும் குரல் கேட்கிற நாள் வருகிறது. அப்படி வந்தால் என்ன செய்ய வேண்டும், யாரிடம் போக வேண்டும் என்று அவளுக்குத் தெரிகிறது. எனக்குத் தெரிந்ததைவிட நன்றாகத் தெரிகிறது. மாதக் கடைசியில் அவளைப் பார்க்க வந்துவிடுவேன் என்று சொல்லியிருக்கிறேன். "வாங்க, ஆனா பின்னாலயே பஸ்ஸுல வராதீங்க" என்றாள். அன்றைக்கே பார்த்திருக்கிறாள்.

டாக்டர் அங்கே வருகிற அடுத்த புதன்கிழமை காலை இங்கிருந்து கிளம்புகிறேன். தோட்டத்துக்கு வரவில்லை, நேரே தெலுக் இந்தான் ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். பஸ் நிலையத்துக்கு வந்து காத்திருக்க வேண்டாம். நீங்கள் எழுந்தால் பெஞ்சில் அந்த இடம் காலியாகத் தெரியும். உட்கார்ந்தே இருங்கள், நான் வந்து பக்கத்தில் உட்காருகிறேன்.

செல்லாயி